கண்ணுக்குத்தான் நோன்பு

1

நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில், ஈஸ்டருக்கு முன்பான நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் வழக்கமாக ஒரு பேச்சு எழும். இந்த முறை எதை விடப் போகிறாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். கோயிலுக்குப் போகிறவர், போகாதவர் என்ற பேதமில்லை. அயர்லாந்துக்காரர்களுக்கு அது ஒரு பழக்கம். பெரும்பாலும் சாக்லேட்டை விடுவார்கள். இரண்டாவது வாரத்திலேயே அடுப்புக்குப் பின்னால் ஒதுங்கி நின்று அதைத் தின்பார்கள். இந்த வருடம் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டெக்லன் என்னிடம் கேட்டான். சினிமாவை விடுகிறேன் என்றேன். தொலைக்காட்சித் தொடர்களும் அதில் அடக்கமா என்றான். அடக்கம்தான், ஈஸ்டர் வரை எதுவும் பார்க்க மாட்டேன் என்றேன். அவன், சாக்லேட் எவ்வளவோ மேல் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவனிடம் விளக்க வேண்டுமென்றால் என் அப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்களுடையது தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள கடற்கரை ஊர். தவக்காலத்தைத் தவசு காலம் என்போம். அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் இறைச்சியை விடுவார்கள். மீன் பிடிக்கிறவன் இறைச்சியை விடுவதெல்லாம் ஒரு ஒறுத்தலா என்று அப்பா கேட்பார். அதனால் எங்கள் வீட்டில் டிவியை விட்டோம். கோயிலில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம் நெருங்கும்போது புனிதர் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள் அல்லவா, அதே நிறத்தில் ஒரு துணி வாங்கி, தவசு காலத்தின் முதல் நாளான விபூதி புதனன்று நெற்றிச் சாம்பலோடு வீட்டுக்கு வந்ததும் அப்பா டிவியை மூடிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகள் நாற்பது நாள் கணக்கில் சேராது என்று பங்குச் சாமியாரே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்பா கணக்கில் ஞாயிறும் சேரும். அவர் காலமான பிறகும் அண்ணனும் நானும் இந்த ஒன்றை மட்டும் விடவில்லை. மற்ற பக்தியெல்லாம் எனக்குக் குறைவுதான்.

2

நான் விமர்சகன் இல்லை. வாரத்துக்கு ஒரு படமோ தொடரின் ஒரு பகுதியோ பார்க்கிறவன். ஆனால் பார்த்தால் கருத்து சொல்லாமல் இருக்க முடியாது. கேட்க ஆள் வேண்டுமே. அதற்குத்தான் அண்ணன் இருக்கிறார். பெயர் ததேயு. இருபது வருடம் கடலுக்குப் போனார், கொஞ்ச காலம் பஹ்ரைனில் இருந்தார், இப்போது துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். ஞாயிறு மதியம் இங்கே நான் பூசை முடிந்து அயலை மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு முடிக்கும்போது அங்கே அவருக்கு இரவு சாப்பாட்டு நேரம். இருவரும் அவரவர் திரையில் ஒரே தொடரை வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொள்வோம். 'ஓட்டு' என்பார். இருவரும் ஒரே நேரத்தில் அமுக்குவோம். பார்த்து முடித்ததும் பேச்சு. மனைவி ஷீபா சொல்வதுபோல, பார்க்கும் நேரத்தைவிடத் திட்டும் நேரம்தான் அதிகம்.

திட்ட நிறைய இருக்கிறது. தமிழ்ப் படத்தில் கிறிஸ்தவன் என்றால் வீட்டில் பியானோ இருக்க வேண்டும், மகள் கவுன் போட்டிருக்க வேண்டும், அப்பன் கையில் எந்நேரமும் ஒரு கிளாஸ் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் பியானோவை எந்த வாசல் வழியாக உள்ளே ஏற்றுவது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். கடற்கரைப் படம் என்றால் எந்த மாவட்டத்துக் கடற்கரையாக இருந்தாலும் எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசுவார்கள். வலை எப்போதும் உலர்ந்தே கிடக்கும். மலையாளப் படத்துக்குப் போனால் அங்கே வருகிற தமிழன் பெரிய மீசை வைத்த லாரி டிரைவர். எல்லைப் பக்கத்து ஊரான கருங்கல் தியேட்டருக்குப் போய் இரண்டு மொழிப் படங்களையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இரண்டு பக்கமும் சிரிப்புதான். இங்கே தமிழ்ச் சங்கத்தில் நீங்கள் மலையாளியா என்று கேட்கிறார்கள். மலையாளி சங்கத்தில் நீங்கள் தமிழா என்று கேட்கிறார்கள். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் டிக்கெட் மட்டும் இரண்டு பேரும் தவறாமல் என் தலையில் கட்டிவிடுவார்கள்.

வெளிநாட்டுக்காரனைப் பற்றிய படங்களில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. ஒரு படத்தில்கூட அவன் குடியிருப்பு அட்டைக்கு வரிசையில் நிற்பதில்லை. பனியில் ஆடிவிட்டு நேரே பெரிய காரில் ஏறிவிடுகிறான். என் வாழ்க்கையைப் படமாக எடுத்தால் இடைவேளை வரை கவுன்டர்தான். என் பெயர் ஆன்றோ. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். அதனால் இங்கே எல்லா அலுவலகத்திலும் நான் மிஸ்டர் சூசைமரியான். குளச்சலைத் தாண்டிப் போயிராத என் அப்பாவின் பெயருக்கு இந்த ஊர் வரி அலுவலகம் மரியாதையாகக் கடிதம் போடுகிறது. அவர் இருந்திருந்தால் ரொம்பவும் பெருமைப்பட்டிருப்பார்.

ஷீபா முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுக்கு மருத்துவமனைத் தொடர்கள் ஆகாது. ஒருமுறை நானும் அவளுமாக ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தோம். முதல் காட்சியிலேயே, இந்த டாக்டர் கை கழுவவில்லை என்றாள். கதையில் காதல், விபத்து, சாவு எல்லாம் வந்தன. அவள் கடைசிவரை அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

3

மகள் அலீனாவுக்குப் பதினைந்து வயது. அவள் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறாள். ஒருவர் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சி வந்தால் அவளுக்கு இணையம் நின்றுபோன மாதிரி இருக்குமாம். எட்டுப் பகுதித் தொடரை இரண்டே நாளில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். எப்படி இருந்தது என்று கேட்டால், பரவாயில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் வரும். அதற்கு மேல் வராது.

சின்ன வயதில் அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு உட்காருவாள். பெரியப்பா திரையைப் பார்த்து ஏசுவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். பள்ளி மாறியதும் அது நின்றுபோனது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். தமிழ்ப் படம் வைத்தால் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து எனக்கு முன்பே சிரிக்கிறாள். வசனம் என் காதுக்கு வந்து சேர்வதற்குள் அவள் சிரித்து முடித்திருப்பாள். ஒரே சோபாவில் உட்கார்ந்தும் இரண்டு வேறு படம் பார்த்த மாதிரி இருக்கும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சொன்னால், இதெல்லாம் ஒரு வருத்தமா என்று ஷீபா கேட்பாள். பதில் தெரியாததால் சொல்வதில்லை.

4

இந்த வருடம் விபூதி புதன் வந்தபோது நாங்கள் ஒரு தொடரின் நடுவில் மாட்டிக்கொண்டோம். எட்டுப் பகுதியில் ஆறு முடிந்திருந்தது. வடக்கே ஏதோ ஒரு குளிர்நாட்டுத் துறைமுகத்தில் நடக்கும் கதை. தமிழில் டப் செய்திருந்தார்கள். பனித்தாடி வைத்த கிழவர்கள் 'இன்னா நைனா' என்று பேசுவதை முதல் வாரம் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம். பிறகு கதை பிடித்துக்கொண்டது. படகு வைத்திருக்கும் ஒரு கிழவன். அவன் மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறான், திரும்பவில்லை. கடலுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று கிழவன் நம்புகிறான். ஊரே வேண்டாம் என்று தடுத்தும் தேடப் போகிறான். இரண்டாம் பகுதியில் அவன் நாயும் படகிலிருந்து குதித்துக் காணாமல் போய்விடுகிறது. வலை நனைந்திருந்ததாலோ என்னவோ, அண்ணன் இந்தத் தொடரை ஒருமுறைகூடத் திட்டவில்லை. ஆறாம் பகுதி முடிந்ததும், ஈஸ்டருக்குப் பாத்துக்கலாம், கிழவன் அதுவரை கடல்ல கெடக்கட்டு என்று சொல்லிப் போனை வைத்தார்.

நோன்பின் இரண்டாவது வாரம் ஐஸ் பெட்டி தூக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். இதய வால்வு ஒன்று கெட்டுப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். இதயம் பலவீனமாக இருப்பதால் உறுதி எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர், அண்ணன் மனைவி ஸ்டெல்லா மைனியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம். மைனி அதை எனக்கு மட்டும் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. நான்தான் தொழிற்சாலையின் பின்கதவுக்கு வெளியே நின்று அழுதேன்.

உடனே கிளம்பியிருப்பேன். பாஸ்போர்ட் கையில் இல்லை. புதுப்பிக்க அனுப்பியிருந்தேன். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படம் எடுத்திருக்கிறேன். தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தவறு என்னுடையது. பூசைக்குப் போடுகிற நல்ல சட்டை என்று நினைத்துப் போட்டிருந்தேன். நீலச் சட்டையில் மறுபடி எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அவசரம் என்று சொல்லிப் பார்த்தேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

5

அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஞாயிறு அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கூப்பிட்டார். உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அந்தக் கிழவனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

எனக்கும் தெரியாது, நானும் பார்க்கவில்லையே என்றேன். வேண்டுமானால் இன்றைக்கே பார்த்துவிடலாம், ஞாயிறு கணக்கில் சேராது, நோயாளிக்கு நோன்பே கிடையாது என்று எனக்குத் தெரிந்த திருச்சபைச் சட்டத்தையெல்லாம் எடுத்துவிட்டேன். அவர் ஒப்பவில்லை. அப்பா கணக்கை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு மாற்ற முடியாது என்றார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பாக்கதுதாம்ல நோன்பு. கண்ணுக்குத்தான் நோன்பு, காதுக்கு இல்ல. நீ யாருட்டயாவது கேட்டு எனக்குப் பறை மக்கா."

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி மாடிக்குப் போனேன். அந்தத் தொடரை அலீனா எப்போதோ முடித்துவிட்டாள் என்று தெரியும். காதிலிருந்ததைக் கழற்றச் சொல்லிக் கேட்டேன். ஏழாம் பகுதியை ஓரளவு சொன்னாள். கிழவன் எரிபொருள் நிரப்பிக்கொண்டு புயலுக்குள் தனியே போகிறான். எட்டாம் பகுதியை இரண்டே வாக்கியத்தில் முடித்தாள். மகன் கடலுக்கே போகவில்லை, வேறு ஊரில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருக்கிறான். கிழவன் மூழ்கிச் செத்துவிடுகிறான். அவ்வளவுதான் என்று மறுபடி காதில் மாட்டப் போனாள்.

இறங்கி வரும்போது நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பார்வையாளனாகச் சொல்கிறேன், அது நல்ல முடிவு. கரையில் இருப்பவனைத் தேடிக் கடலில் சாவது. ஆறு பகுதியாக அந்தக் கதை அங்கேதான் போய்க்கொண்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. சாதாரண நாளாக இருந்தால் அண்ணனும் நானும் இரண்டு மணி நேரம் அதைப் புகழ்ந்திருப்போம். ஆனால் நாலு நாளில் நெஞ்சைத் திறக்கப் போகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது. வேறு எதையும் அவர் கேட்கவில்லை. பழம் வேண்டுமா, பணம் அனுப்பவா என்று கேட்டதற்கெல்லாம் வேண்டாம் என்றவர், இந்த ஒன்றைத்தான் கேட்டார். அதை ஒரு சாவோடு அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கூப்பிட்டேன். ஏழாம் பகுதியை உள்ளபடி சொன்னேன். எட்டுக்கு வந்ததும் பொய் தொடங்கியது. புயல் ஓய்கிறது என்றேன். கிழவன் படகு சாய்ந்து கிடக்கிறது, ஆனால் முழுகவில்லை. கரைக்குத் திருப்புகிறான். துறைமுகப் பாலத்தில் ஒருவன் நிற்கிறான். அது மகன். அப்பா தேடிப் போனது கேள்விப்பட்டு ஓடி வந்திருக்கிறான். அண்ணன் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார். காற்று எந்தப் பக்கம், இன்ஜின் ஓடியதா, மகன் முதலில் என்ன பேசினான். நான் பதில்களைத் தேடித் தடுமாறிக்கொண்டிருந்தபோது அலீனா வந்து சோபாவில் உட்கார்ந்திருந்ததைக் கவனித்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி இல்லையே என்று வாயைத் திறக்கப் போனாள். கை காட்டி நிறுத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் போனில் ஏதோ தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நாயையும் கொண்டுவா என்று எழுதியிருந்தது.

"அண்ணா, மகன் பக்கத்துல அந்த நாயும் நிக்குவு" என்றேன்.

"நாயும் வந்திற்றா," என்றார். பிறகு, "கொள்ளாம்டே. கதை கொள்ளாம்" என்று ஊர்ப்பேச்சில் பாராட்டினார்.

வைத்ததும் அலீனா மாடிக்குப் போகவில்லை. பெரியப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். சொன்னேன். வால்வு என்றால் என்ன, எப்படி மாற்றுவார்கள் என்று அம்மாவிடம் போய் மீதியைக் கேட்டுக்கொண்டாள். அன்று இரவு எங்களோடு கீழேயே சாப்பிட்டாள்.

6

அண்ணன் சாகவில்லை. வியாழக்கிழமை சிகிச்சை முடிந்தது, சனிக்கிழமை கண் திறந்து கஞ்சி கேட்டார். அந்தச் சனிக்கிழமை நான் தொழிற்சாலையில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். டெக்லன் இரண்டு சாக்லேட் எடுத்துக்கொண்டான். பெரிய வாரத்தில் அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் பாஸ்போர்ட்டும் அதே வாரம் வந்தது. நீலச் சட்டையில் நான் யாரையோ ஏமாற்றியவன் மாதிரி இருந்தேன்.

ஏமாற்றியவன்தான். ஈஸ்டர் ஞாயிறு காலையிலேயே மைனி செய்தி அனுப்பியிருந்தாள், அண்ணன் சாயங்காலம் அந்த இரண்டு பகுதியையும் பார்க்கத் தயாராக இருக்கிறார் என்று. எனக்கு ஆட்டுக்கறி இறங்கவில்லை. கதைதான் தெரியுமே, வேறு ஒன்று பார்க்கலாம் என்று அண்ணனிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். கேட்டது வேற, பாக்கது வேற என்றுவிட்டார். உண்மையைச் சொல்லிவிடு, எப்படியும் மாட்டிக்கொள்வாய் என்றாள் ஷீபா. கடைசிப் பகுதி இந்தியாவில் ஓடாது என்று சொல்லிவிடலாம் என்பது அலீனாவின் யோசனை. நான் இரண்டும் செய்யவில்லை. 'ஓட்டு' என்றார் அண்ணன். அமுக்கினேன். அலீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாதாரண வேகம்தான், ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாம் பகுதி முடிந்ததும் அண்ணன், நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு என்று பாராட்டினார். எட்டாம் பகுதியில் பாதிக்கு மேல் போனில் சத்தமே இல்லை. புயல் ஓயவில்லை. கிழவன் கடைசியாக ஒருமுறை மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கடையில் மகன் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு வெறும் தண்ணீர். பெயர்கள் ஓடத் தொடங்கின. அந்தப் பக்கம் மைனி, நாய் எங்கே என்று யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது.

அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

"நான் செத்துப்போவேன்னு நெனச்சியா மக்கா?" என்று கேட்டார்.



"ஆமாண்ணா" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். இல்லன்னா தவசு காலத்துல கதை கேப்பனா."

அலீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் தண்ணீர் குடிப்பது கேட்டது. பிறகு பழைய குரலில், அடுத்த வாரத்துக்கு ஒரு தொடர் பார்த்து வைக்கச் சொன்னார். எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டேன்.

"எந்த மாதிரின்னாலும் செரி. எட்டுப் பகுதியில முடியதெல்லாம் வேண்டாம். நாலஞ்சு சீசன் உள்ளதாப் பாரு."